விடுமுறைக்கு வீடு வந்த கணக்குக் கொப்பி

கடை என்றால் எமது ஊர்களிலே அதற்கென்று ஓர் இடம் உண்டு. சந்தியில் நாலு கம்பு நாட்டி, மேலே கிடுகோ தகரமோ போட்டு, முன்னால் ஒரு வாழைக்குலையைத் தொங்கவிட்டால் அது கடை. கடைக்காரர் யார், என்ன குடும்பம், யாருக்குக் கடன் கொடுப்பார், யாரைக் கண்டால் கொப்பியை மூடிவிடுவார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்ட கடைக்கு அப்படியோர் இடம் இல்லை. அது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. வாங்குபவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் குருநாகலிலும் இருக்கிறார்கள். விற்கப்படும் பொருளோ, பூநகரியில் ஒரு தாய் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து இழைக்கும் பனையோலைப் பெட்டி.

2025ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறும் சித்திரை வருடப் பிறப்பும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. அந்தக் கிழமையில் நாம் பூநகரிப் பகுதிக்குப் போயிருந்தோம். ஓலைத் தொழில் செய்யும் தாய்மாரைக் கண்டு கதைப்பதே எமது நோக்கம். அவர்களில் ஒருவரின் வீட்டுக்குப் போனபோது மகள் விடுமுறையில் வந்து நின்றாள். சனிக்கிழமை விடியற்புறம் கண்டி - யாழ்ப்பாணம் பஸ்ஸில் வந்து பரந்தனில் இறங்கி, தேநீர்க்கடை வாங்கிலில் ஒரு மணித்தியாலம் காத்திருந்து, முதல் பூநகரி பஸ் எடுத்து வந்தாளாம். பையில் ஊத்தை உடுப்பு, இரண்டு பாடப் புத்தகம், 24 பெட்டிகளுக்கான ஓடர் பட்டியல். வாசலில் கால் வைத்ததும் தாய் கேட்டது, "பிள்ளை, ஏதும் சாப்பிட்டியா?" மகள் கேட்டது, "அம்மா, எத்தினை முடிஞ்சுது?"

இதை எமக்குச் சொன்னது தாயல்ல, மகளே. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"வீட்டை வாறது எண்டால் எனக்கு முந்திப் பெரிய விசயம். இப்ப பாருங்கோ, வீடு ஸ்ரொக் எடுக்கிற இடமாப் போச்சு" என்றாள்.

இந்த ஒரு வசனம் எம்மை அந்த வீட்டில் அன்று முழுவதும் இருத்திவிட்டது.

தொடங்கிய விதம்

இந்தக் கடை திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதல்ல. பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாகப் போகும்போது தாய் ஒரு மூடிப்பெட்டியில் புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் வைத்துக் கொடுத்துவிட்டார். விடுதி அறையிலிருந்த சிங்களத் தோழி ஒருத்தி புழுக்கொடியலைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், பெட்டியைத்தான் கேட்டாள். ஊசி நூல் வைக்கவாம். அடுத்த முறை மூன்று பெட்டி போயிற்று. அதற்கடுத்த முறை ஒரு படத்தை வட்ஸ்அப்பில் போட, தோழியின் தாயார், சித்தி, சித்தியின் அலுவலகத்தார் என்று கேள்வி வந்தது. பின்னர் முகநூலில் ஒரு பக்கம். படத்துக்குக் கீழே சிங்களத்தில் எழுதிக் கொடுப்பவள் இன்றும் அந்தத் தோழிதான். கூலி வாங்குவதில்லை, வருடத்துக்கு ஒரு பெட்டி வாங்குகிறாள்.

இவள் உயர்தரம் எழுதியது நாடு தள்ளாடிய காலம். 2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனது, எரிபொருள் வரிசை, பால்மா வரிசை எல்லாம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது சாப்பாட்டுப் பொதியின் விலையும் கொப்பியின் விலையும் முன்னிருந்த நிலைக்குத் திரும்பவில்லை. மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் அது 7,500 ஆக்கப்பட்டது. தகப்பன் இல்லாத வீடு. தம்பிக்கு ரியூசன். மாணவர்கள் பலர் இன்று கைத்தொலைபேசியில் எதையாவது விற்கிறார்கள் என்றால் அதை ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உடுப்பு, கேக், முகப்பூச்சு, பாடக்குறிப்பு என்று விடுதிகளில் விற்கப்படாத பொருள் இல்லை. பெரும்பாலானோர் கொழும்பில் மொத்தமாக எடுத்து விற்கிறார்கள். இவள் விற்பது தன் வீட்டில் செய்ததை. இலாபமும் சங்கடமும் அங்கேதான் இருக்கின்றன.

ஓலையின் வேலை

கணக்குக்கு வருமுன், ஒரு மூடிப்பெட்டி எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. எமது வாசகர்களிலும் நகரத்தில் இருப்போருக்குத் தெரியாதிருக்கலாம்.

முதலில் வடலியில் சார்வோலை வெட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒரே வடலியில் அடிக்கடி குருத்து எடுத்தால் மரம் கெடும் என்பதால் மரம் மாற்றி வெட்ட வேண்டும். ஆகவே காணிக்காரரிடம் நயமாகக் கேட்கவும் வேண்டும். வெட்டிய ஓலையை வெயிலில் விரித்து, இரவில் எடுத்து வைத்து, திரும்ப விரித்து வெளுக்க விட வேண்டும். மழைத்துளி பட்டால் கறுக்கும். காய்ந்ததும் ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கொதிக்கவைத்து ஓலையை அவித்து, நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே இழைப்பு. அடியும் உடலும் மூடியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மூடி இறுகினாலும் பிழை, ஆடினாலும் பிழை. இந்தத் தாய் சமையலும் கோழியும் தண்ணீர் அள்ளுதலும் பார்த்துக்கொண்டு நாளுக்கு ஒரு பெட்டி இழைக்கிறார். காலை முதல் பின்னேரம் வரை வேறு வேலையின்றி இருந்தால் இரண்டு.

2009இன் பின்னர் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இவர்களது காணியில் நின்ற பனைகளில் பாதிக்கு வட்டு இல்லையாம். வீடு இல்லை, கிணற்றுக்குள் குப்பை. "நிண்ட பனையிலைதான் நாங்களும் நிண்டனாங்கள்" என்றார் தாய். ஓலைத் தொழில் அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்நாட்களில் பெட்டியை வாங்க வந்த வியாபாரி சொன்னதே விலை. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின் யாழ்ப்பாணத்துக்குத் தாமே கொண்டுபோனார்கள். அங்கும் கடைக்காரர் பத்தை எடுத்து, நாலைத் திருப்பித் தந்து, ஆறுக்கான காசை அடுத்த மாதம் தருவார்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. பனைசார் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன, பயிற்சிகளுக்கும் குறைவில்லை. இவ்வளவு இருந்தும் இழைப்பவரிடமிருந்து வாங்குபவரிடம் நேரே பொருள் போய்ச் சேரும் வழி ஒன்று நீண்டகாலமாக எமது தாய்மாருக்குக் கிடைக்கவில்லை. இந்நிலையில், இடையில் எவருமின்றிக் கைத்தொலைபேசி அதைச் செய்து தருகிறது என்று கேள்விப்பட்டபோது நாம் உள்ளபடியே மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியோடுதான் கொப்பியைத் திறந்தோம்.

கொப்பியில் இல்லாத நிரல்

மாணவி தனது கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருந்தாள். வணிகக் கல்வி படிப்பவள் அல்லள், கலைப்பீடம். ஆயினும் பல சங்கங்களின் பொருளாளர்கள் இந்தக் கொப்பியைக் கண்டு வெட்கப்படலாம். ஒரு மூடிப்பெட்டியின் விலை 1,200 ரூபா. அனுப்பும் செலவு வாங்குபவருடையது. ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் 150. பொதி செய்யும் மட்டையும் உறையும் 80. முகநூலில் விளம்பரத்துக்குக் கட்டுவதைப் பெட்டிகளுக்குப் பிரித்தால் 120. திரும்பி வரும் பொதிகளின் நட்டத்துக்கென்று 100.

இந்தத் திரும்பி வரும் பொதி பற்றி ஒரு வார்த்தை. வாங்குபவர் முற்பணம் தருவதில்லை. பொதி கைக்கு வந்ததும் காசு கொடுப்பதே இப்போதைய வழக்கம். ஓடர் கொடுத்தவர், பொதி வீட்டுக்கு வரும் நாளில் தொலைபேசியை எடுக்காமல் விட்டால் பொதி திரும்பும். போன செலவும் வந்த செலவும் விற்றவளின் தலையில். ஒருமுறை ஐந்து பெட்டிகள் ஒன்றாகத் திரும்பி வந்தனவாம், மூடிகள் நசிந்து. அன்றிரவு விடுதியில் அழுதாள் என்றும் அடுத்த நாள் பரீட்சை என்றும் சொன்னாள். தாய் இதை அன்றுதான் முதன்முறை கேட்டார்.

பெட்டிகளைத் தாய் மட்டும் இழைப்பதில்லை. மாதம் 40 பெட்டி போகும் மாதத்தில் 25 தாயினுடையது. 15 பெட்டிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் இழைக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டிக்கு 200 ரூபா இழைப்புக் கூலி. கொப்பியில் இரண்டு பக்கங்கள்: ஒன்றில் 'மற்றாக்கள்', மற்றதில் 'அம்மா'. மற்றவர்கள் பக்கத்தில் எல்லாச் செலவும் 650, மிச்சம் 550. அம்மா பக்கத்தில் செலவு 450, மிச்சம் 750. அதற்குக் கீழே மாணவி சிவப்புப் பேனையால் எழுதியிருந்தாள்: 'அம்மாவின் பெட்டியில் லாபம் கூட.'

ஏன் கூட? அம்மா பக்கத்தில் இழைப்புக் கூலி என்ற நிரலே இல்லை.

நாம் இதைக் குற்றமாகக் கேட்கவில்லை. வெறுமனே விரலை வைத்துக் காட்டினோம். மாணவி சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கு மாசம் ஐயாயிரம் அனுப்புறன்தானே" என்றாள். தாய் உடனே, "ஐயா, பிள்ளை படிக்குதெண்டுதானே இழைக்கிறன். பெத்த பிள்ளையிட்டை ஆரும் கூலி வாங்குவினமே?" என்று எம்மைக் கடிந்துகொண்டார். கடிந்தது நியாயமே. முன்பு மகளுக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது மகள் அனுப்புகிறாள். எந்தத் தாய்க்கும் அது போதும்.

ஆனால் அதே திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவர் இருந்தார். ஓலை வார்ந்தபடி, தலை நிமிராமல், "களை பிடுங்கப் போனால் நாளுக்கு ஆயிரத்தைஞ்ஞூறு தருவினம். இதிலை நாள் முழுக்க இருந்தாலும் நானூறு. ஆனால் வயல் வேலை எப்பவும் இல்லை, அதுதான்" என்றார். பிறகு மாணவியைப் பார்த்து, "குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை" என்றார்.

ஒரு பெட்டிக்கு அந்தப் பெண்ணின் பங்கு 200; படமெடுத்து, பதில் எழுதி, பொதிசெய்து அனுப்புபவளின் பங்கு 550. பழைய வியாபாரியின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். அவர் சைக்கிளில் வந்தார். இவள் வீட்டுப் பிள்ளை, வாசலில் வந்து 'அம்மா' என்று கூப்பிடுகிறாள். ஆகவே எவரும் கணக்குக் கேட்பதில்லை.

இப்படி எழுதும்போது மாணவியின் உழைப்பை நாம் சிறிதாக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கும் 'விலை என்ன' என்று கேட்பவருக்குப் பதில் எழுத வேண்டும். அரை மணி பிந்தினால் அவர் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். இருபது பேர் கேட்டால் மூன்று பேர் வாங்குவார்கள். விரிவுரைக்கு நடுவே கூரியர்க்காரரின் அழைப்பு. விளம்பரக் கட்டணம் டொலரில். அதற்கு வங்கி அட்டை தோழியின் தமையனுடையது. படிப்புக் குறைந்துவிட்டதா என்று கேட்டோம். இரண்டு பாடங்களில் பெறுபேறு இறங்கியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னாள். இதையும் தாய் அன்றுதான் கேட்டார்.

நியாயமான கூலி பற்றித் திருச்சபை பேசத் தொடங்கியது இன்று நேற்றல்ல. பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் தொழிலாளர் நிலைபற்றிய தமது சுற்றுமடலை 1891ஆம் ஆண்டு மே 15இல் வெளியிட்டார். நாம் அந்த வீட்டுக்குப் போய்வந்து ஒரு மாதம் செல்லுமுன் தெரிவான புதிய பாப்பரசரும் லியோ என்ற பெயரையே எடுத்து, செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய மாற்றங்களால் உழைப்புக்கு எழும் கேள்விகளை அதற்கொரு காரணமாகக் குறிப்பிட்டார். தொழிற்சாலை முதலாளியையும் தொழிலாளியையும் பற்றி இவற்றை வாசித்துப் பழகிய எமக்கு, மகள் முதலாளியாகவும் தாய் தொழிலாளியாகவும் இருக்கும் திண்ணை புதிது. கூலி அன்பினாலே மறைந்துபோகும் இடத்தில் அதை எப்படிக் கேட்பது?

படத்துக்காக ஒரு வீடு

மத்தியானச் சாப்பாட்டின்போது தம்பிக்காரன் ஒன்று சொன்னான். "அக்கா வந்தால் வீட்டிலை சூட்டிங்." எல்லோரும் சிரித்தார்கள். விசாரித்ததில், ஒவ்வொரு விடுமுறையிலும் அக்கா முதல் இரண்டு நாளும் படமெடுப்பதிலேயே செலவிடுகிறாள் என்று தெரிந்தது. தாயை நல்ல சீலை உடுத்தச் சொல்லி, பின்னால் கிடந்த பிளாஸ்ரிக் வாளியை அகற்றி, சுவரோரத்தில் ஒரு சுளகைச் சாத்தி, வெளிச்சம் சரியான பக்கமாக அவரை இருத்தி, இழைப்பது போல் இருக்கச் சொல்கிறாள். ஏனென்றால் பெட்டியின் படத்தைவிட, பெட்டியை இழைக்கும் கையின் படத்துக்கே கேள்வி கூட வருகிறது. ஒரு படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் விருப்பம் விழுந்ததாம். அந்தக் கையில் ஓலை அறுத்த வெட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. படம் அழகானதுதான்.

"அந்தச் சீலை பெருநாள் சீலை. அதை உடுத்துக்கொண்டு ஆர் ஓலை வாருவினம்?" என்றார் தாய், சிரித்துக்கொண்டே.

அலைவரிசை அந்த வீட்டில் கிணற்றடியில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்த பிள்ளை பொழுதில் பாதியைக் கிணற்றுக்கட்டில் இருந்தே கழிக்கிறாள். அம்மம்மா இரண்டு முறை கூப்பிட்டார். இவள் இரண்டு முறையும் 'இந்தா வாறன்' என்றாள். மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். பல வீடுகளில் இது நடக்கிறது என்பதால் சொல்கிறோம். பிள்ளைகளைத் திட்ட அல்ல. கூப்பிட்ட அம்மம்மாவும் சரி, பதில் எழுதாவிட்டால் தம்பியின் ரியூசன் காசு தவறும் என்று நினைத்த பிள்ளையும் சரி.

அன்று பின்னேரம் மாணவி எமக்குச் சொன்னவை அவள் சில காலமாகவே யோசித்து வைத்தவை போலிருந்தன. விடுதியில் இருக்கும்போது வீடு ஞாபகம் வந்தால் கைத்தொலைபேசியில் உள்ள வீட்டுப் படங்களைப் பார்ப்பாளாம். அவற்றில் வாளி இல்லை, கோழி இல்லை, தம்பி இல்லை, அம்மம்மாவும் இல்லை. எல்லாம் விற்பதற்காக எடுத்தவை. "என்ரை வீட்டின்ரை படம் எண்டு ஒண்டும் என்னட்டை இல்லை" என்றாள்.

பிறருடைய நிலத்தில் கடை

இன்னொரு விடயத்தையும் இந்த மாணவர்கள் யோசிக்க வேண்டும். முகநூலும் வட்ஸ்அப்பும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கையில் உள்ளவை. அந்த நிலத்துக்கு நாம் குடிக்கூலி கொடுக்காமல் கடை போட்டிருக்கிறோம்; உறுதியும் கிடையாது. எமது நாட்டிலேயே 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்செயலின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2019இல் எமது ஆலயங்களில் மாண்டவர்களை எண்ணும்போது வியாபாரத்தைப் பற்றிப் பேசுவது தகாது. ஆயினும் ஒரு கட்டளையால் எல்லாக் கடைகளையும் ஒரே நேரத்தில் பூட்டலாம் என்பதை அந்நாட்கள் காட்டின. ஒருமுறையாவது வாங்கியவர்களின் பெயரையும் இலக்கத்தையும் தாளில் எழுதி வைத்தால் கடை பூட்டினாலும் தொழில் பூட்டாது. இவள் எழுதி வைக்கவில்லை. அன்றிரவு எழுதத் தொடங்கினாள். அந்த இலக்கங்களைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்லி வைத்தோம். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

விலையைப் போடாமல் 'இன்பொக்ஸில் கேளுங்கள்' என்று எழுதும் வழக்கம் எமக்குப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்து விலை சொல்வது சந்தையில் நாம் கண்ட பழைய நோய். நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் 2003இலேயே வர்த்தகர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. தவிர, வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்வது அப்படியொன்றும் மலையேறும் வேலையல்ல. பதிந்தால் வங்கிக் கணக்கு ஒன்று அந்தப் பெயரிலேயே திறக்கலாம்; தோழியின் தமையனுடைய அட்டையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

மாணவி ஒருகாலம் ஒடியல்மாவும் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். கொழும்புக்குப் போன பைகளில் ஒன்று பூஞ்சணம் பிடித்துவிட்டது. நல்லவேளை, வாங்கியவர் நல்லவர். உணவுப் பொருளுக்கு 1980இன் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது; உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, உள்ளடக்கம் எல்லாம் சுட்டுத்துண்டில் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேட்டு, காயவைப்பதையும் உறையிடுவதையும் ஒழுங்காகப் பழகிய பின்பே அதில் இறங்க வேண்டும். ஓலைப்பெட்டி பிழைத்தால் ஒரு பெட்டிதான் போகும்.

திண்ணையில் ஒரு கூட்டம்

பெரிய வியாழனுக்கு முந்திய நாள் நாம் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனோம். மாணவியே தாயையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கூட்டி வைத்திருந்தாள். கொப்பியின் புதிய பக்கத்தில் இப்போது ஒரே கணக்கு. 'அம்மா', 'மற்றாக்கள்' என்ற பிரிவு இல்லை. யார் இழைத்தாலும் பெட்டிக்கு 400. விலை 1,300. செலவு 850 போக மிச்சம் 450 அனுப்புபவளுக்கு.

முதல் எதிர்ப்பு நாம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. களை பிடுங்கும் கூலியைச் சொன்ன அதே பெண், "விலை கூட்டினால் ஆர் வாங்குவினம்? ஓடர் குறைஞ்சால் அந்த இருநூறும் இல்லை" என்றார். மற்றவர் ஒன்றும் பேசவில்லை. மாணவியிடம் இதற்கு மறுமொழி இல்லை, எம்மிடமும் இல்லை. சந்தையில் நியாயமான விலை என்று நாம் கூட்டங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறோம். அதைக் கேட்டு வாங்காமல் போகும் ஒருவருக்காக யார் பட்டினி கிடப்பது என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை. ஒருமணி நேரம் கதைத்து ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள். ஓடர் குறைந்தால் தாயும் மற்ற இருவரும் முறைவைத்து இழைப்பது. மகளின் கடை என்பதற்காக மகளின் தாய்க்கு முதலிடம் இல்லை. இதைச் சொன்னவர் தாய்தான்.

ஆனால் தன்னுடைய கூலியைக் கையில் வாங்க அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளையிட்டை எண்ணி வாங்கிற கை எனக்கு இல்லை." இறுதியில், அவர் அங்கத்தவராக இருக்கும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்திலே அவர் பெயரில் அந்தக் காசைப் போடுவது என்று முடிவாயிற்று. மாதம் 25 பெட்டி என்றால் 10,000. மகள் அனுப்பும் 5,000 இனி இல்லை. 'அனுப்புறன்' என்பது போய் 'சேருது' என்று வந்ததைத் தவிர என்ன வித்தியாசம் என்று தம்பி கேட்டான். அந்தப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தாய் திருப்பிக் கேட்டார்.

பரீட்சை மாதங்களில் ஓடர் எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தார்கள். அந்த மாதங்களில் ஊரிலேயே உள்ள, சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப் பழக்கலாம் என்று நாம் சொன்னோம். மாணவி தயங்கினாள். பக்கத்தின் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுப்பது, கடைத் திறப்பைக் கொடுப்பது போல. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

பெரிய வெள்ளியன்று மாணவி பக்கத்தில் ஓர் அறிவித்தல் போட்டாள்: இன்று பதில் இல்லை. கைத்தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போனாள். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது மூன்று ஓடர்கள் கைவிட்டுப் போயிருந்தன. வருத்தமா என்று கேட்டோம். "இரண்டுக்கு இல்லை. மற்றது பத்துப் பெட்டி" என்றாள்.

திரும்பிப் போகும் நாளில் பெட்டிகள் அடுக்கிய இரண்டு பைகளோடு, தாய் கடதாசியில் சுற்றிய ஒரு புழுக்கொடியல் கட்டையும் திணித்தார். "இது விக்கிறதுக்கு இல்லை" என்றார். பஸ் வருமுன் மாணவி கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் எடுத்தாள். வாளி, கோழி, பிய்ந்த செருப்போடு தம்பி, முறைத்துக்கொண்டு அம்மம்மா. தாய் பழைய சீத்தைச் சட்டையில் இருந்தார். சீலை மாற்றட்டோ என்று கேட்டார், வேண்டாம் என்றாள்.

யூன் மாதக் கடைசியில் தொலைபேசியில் கதைத்தோம். புதிய விலையில் மே மாதம் 31 பெட்டிகள் போயிருந்தன. முன்பு 40 போனது. அவளுக்கு மிஞ்சியது 13,950. இறுக்கம்தான், ஆனால் மகாபொல கூடியதால் சமாளிக்கலாம் என்றாள். விலையை ஏன் கூட்டினீர்கள் என்று கேட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினாளாம். அவர் பதில் எழுதவில்லை. இரண்டு பெட்டிக்கு ஓடர் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவர் சிறுபோகக் களைக்குப் போய்விட்டார். மற்றவர் தொடர்ந்து இழைக்கிறார். தாயின் புத்தகத்தில் இரண்டு பதிவுகள் விழுந்திருக்கின்றன. அவர் அதை இன்னும் மகளுக்குக் காட்டவில்லையாம்.